கிணற்றில் தண்ணீர் இறங்கும்போது எக்செல் கோடு ஏறுகிறது: எங்கே தவறு?

கிணற்றடி | 9 பிப்ரவரி 2025, காலை 11.20

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் மட்டத்தை ஒன்றே முக்கால் வருடமாக அளந்து எக்செல்லில் போட்டு வருகிறேன். ஊர் புதுக்கோட்டைப் பக்கம். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, கைப்பிடிச் சுவரின் மேல்விளிம்பிலிருந்து தண்ணீர் எத்தனை அடிக்குக் கீழே இருக்கிறது என்று பார்ப்பேன். முதல் அளவு 9.4.2023, கடைசி அளவு 26.1.2025. மொத்தம் 31 அளவுகள். சுவரிலிருந்து கிணற்றின் ஆழம் 52 அடி.

மார்ச் 22 கிராம சபையில் இதை வைத்துப் பேச வேண்டும். சுற்றிலும் மூன்று புது போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டுவிட்டார்கள். வாயால் சொன்னால் யாரும் காதில் வாங்குவதில்லை, படமாகக் காட்டலாம் என்று லைன் சார்ட் போட்டேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "சித்திரையில தண்ணி ஏறுது, கார்த்திகையில இறங்குதுன்னுல்ல போட்டிருக்கே?" என்றார். உண்மைதான், தலைகீழாக இருக்கிறது.

இன்னும் இரண்டு குழப்பம். ஏப்ரல், மே, ஜூன் மட்டும் படத்தில் பாதிக்கு மேல் இடத்தைப் பிடித்துக்கொண்டு, மழைக்காலம் ஒரு விரல் அகலத்துக்குள் அடங்கிவிட்டது. போன வருடம் மே மாதம் கிணறு வற்றிய நாளில் கோடு நேராகப் பூஜ்யத்தில் போய் விழுகிறது. நான் எங்கேயும் பூஜ்யம் போடவில்லை.

பேரேடு | 9 பிப்ரவரி, பகல் 12.05

சார்ட்டைத் தொடாதீர்கள், முதலில் செல்களைப் பார்ப்போம். தேதியை எப்படி அடித்தீர்கள்? செல்லுக்குள் அது இடது பக்கம் ஒட்டி நிற்கிறதா, வலது பக்கமா? வற்றிய நாளில் என்ன எழுதினீர்கள்? நாலைந்து வரிகளை அப்படியே இங்கே போடுங்கள்.

கிணற்றடி | 9 பிப்ரவரி, பகல் 12.31

எல்லாத் தேதியும் இடது பக்கம்தான் நிற்கிறது.

09.04.2023 | 41
14.05.2023 | 45.6
14.01.2024 | 17.4
19.05.2024 | வற்றிவிட்டது
26.01.2025 | 22.1

கடைசி வரியில் 22.10 என்றுதான் அடித்தேன், எக்செல் 22.1 ஆக்கிவிட்டது. 22 அடி 10 அங்குலம்.

பேரேடு | 9 பிப்ரவரி, பகல் 1.15

இந்த ஐந்து வரியிலேயே எல்லாம் இருக்கிறது. ஒவ்வொன்றாக வருகிறேன்.

தேதி. புள்ளி வைத்து அடித்ததால் எக்செல் அதைத் தேதி என்றே எடுத்துக்கொள்ளவில்லை. அதன் கண்ணுக்கு "09.04.2023" என்பதும் "கத்தரிக்காய்" என்பதும் ஒன்றுதான், இரண்டும் வெறும் எழுத்து. தேதியாக எடுத்திருந்தால் செல்லுக்குள் வலது பக்கம் போய் நின்றிருக்கும். எழுத்தாக இருந்தால் லைன் சார்ட் ஒவ்வொரு வரிக்கும் ஒரே அளவு இடம் விடும். இரண்டு அளவுகளுக்கு நடுவே மூன்று நாள் போனதா மூன்று மாதம் போனதா என்று அதற்குத் தெரியாது. நீங்கள் கோடையில் அடிக்கடி அளந்திருக்கிறீர்கள், அதனால் கோடை பருத்துவிட்டது.

சரிசெய்ய: தேதி நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் டு காலம்ஸ். மூன்றாவது திரையில் டேட் என்பதைத் தேர்ந்து, பக்கத்தில் டிஎம்ஒய் (நாள், மாதம், வருடம்) வைத்து ஃபினிஷ். புள்ளியைச் சாய்கோடாக மாற்றினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். உங்கள் கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில் மாதத்தை முன்னால் படிக்கும்படி இருந்தால் 09/04 செப்டம்பர் 4 ஆகிவிடும். 14/05 மட்டும் மாறாமல் எழுத்தாகவே நிற்கும், ஏனென்றால் 14ஆவது மாதம் கிடையாது. பாதி சரி பாதி தவறாக ஒரு ஷீட் கிடைக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு நாள் போகும்.

வற்றிவிட்டது. எண் இருக்க வேண்டிய செல்லில் எழுத்து இருந்தால் எக்செல் லைன் சார்ட் அதைப் பூஜ்யமாகவே வரையும். நீங்கள் அளப்பதோ மேலிருந்து கீழே. அப்படியானால் பூஜ்யம் என்றால் என்ன? தண்ணீர் கைப்பிடிச் சுவர் வரை தளும்பி நிற்கிறது என்று அர்த்தம். உங்கள் கிணறு அடி காய்ந்து கிடந்த நாளை இந்தச் சார்ட் நிறைந்த கிணறாகக் காட்டுகிறது.

அங்குலம். மேலே உள்ள இரண்டும் கண்ணுக்குத் தெரிகிற தவறு. இது தெரியாது. 22 அடி 10 அங்குலம் 22.10 ஆகாது. அடிக்கு 12 அங்குலம், ஆக அது 22.83. உங்கள் ஷீட்டில் 22.1 என்று நிற்கிறது, அதாவது 22 அடி 1.2 அங்குலம். முக்கால் அடி காணாமல் போயிருக்கிறது. அதேபோல் 45.6 உண்மையில் 45.5, 17.4 உண்மையில் 17.33. அடிக்கு ஒரு நெடுவரிசை, அங்குலத்துக்கு ஒன்று வையுங்கள். மூன்றாவதில் அங்குலத்தை 12ஆல் வகுத்து அடியோடு கூட்டுங்கள். சார்ட்டுக்கு அந்த மூன்றாவதைக் கொடுங்கள்.

கிணற்றடி | 9 பிப்ரவரி, மதியம் 2.02

அங்குலத்தைப் படித்ததும் பகீரென்றது. நோட்டுப் புத்தகத்தில் அடி, அங்குலம் தனித்தனியாக எழுதியிருக்கிறேன். இன்றைக்கே 31ஐயும் திருத்துகிறேன்.

மழைமானி | 9 பிப்ரவரி, இரவு 8.45

நிலத்தடி நீர் அளக்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். கயிறும் கல்லும் வைத்து இவ்வளவு நாள் விடாமல் அளந்திருக்கிறீர்களே அம்மா, மனம் நிறைந்துவிட்டது.

தலைகீழ் விஷயம் எங்கள் துறையில் தினசரி வருவது. நீங்கள் அளந்தது தண்ணீரின் உயரம் இல்லை, தண்ணீர் வரைக்கும் உள்ள ஆழம். ஆழம் கூடினால் எண் கூடும், எண் கூடினால் கோடு ஏறும். நிமிர்த்துவது சுலபம். இடது பக்க அச்சில் ரைட் கிளிக் செய்து ஃபார்மட் ஆக்ஸிஸ், அதில் "வேல்யூஸ் இன் ரிவர்ஸ் ஆர்டர்" என்பதற்கு டிக். உடனே தேதி அச்சு படத்தின் மேல்பக்கம் போய்விடும். பலர் பதறி அதைக் கீழே இறக்கப் பார்ப்பார்கள். விட்டுவிடுங்கள். மேலே இருப்பதுதான் இங்கே சரி, அந்தக் கோடுதான் உங்கள் தரைமட்டம்.

அது தரைமட்டமாக வேண்டுமென்றால் கைப்பிடிச் சுவரின் உயரத்தைக் கழிக்க வேண்டும். எவ்வளவு உயரம்?

பிறகு அதே ஃபார்மட் ஆக்ஸிஸில் மினிமம் 0, மேக்ஸிமம் கிணற்றின் முழு ஆழம் என்று நீங்களே எழுதிவிடுங்கள், ஆட்டோவில் விடாதீர்கள். அப்போது சார்ட்டின் சட்டமே உங்கள் கிணறு: மேல்விளிம்பு தரை, கீழ்விளிம்பு பாறை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது புரியும்.

வற்றிய நாளுக்குக் கிணற்றின் முழு ஆழத்தையே போடுங்கள். ஆனால் தனி நெடுவரிசையில் போட்டு, கோடு இல்லாமல் சிவப்புப் புள்ளியாக மட்டும் காட்டுங்கள். "தண்ணீர் 52 அடியில் இருந்தது" என்பதும் "52 அடி வரை தண்ணீரே இல்லை" என்பதும் வேறு வேறு.

கிணற்றடி | 9 பிப்ரவரி, இரவு 9.10

சுவர் சரியாக 3 அடி ஐயா. அப்படியானால் தரையிலிருந்து 49. சொன்னபடி செய்தேன், கோடு நிமிர்ந்துவிட்டது. ஆனால் தேதியைச் சரிசெய்த பிறகு புதுசாக ஒன்று. ஒரே மாதத்தில் எடுத்த மூன்று நான்கு அளவுகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்கின்றன.

பேரேடு | 9 பிப்ரவரி, இரவு 9.22

தேதி அச்சில் ரைட் கிளிக், ஃபார்மட் ஆக்ஸிஸ், பேஸ் யூனிட் மந்த்ஸ் என்று இருக்கும். அதை டேஸ் ஆக்குங்கள்.

கால்க் பயனர் | 10 பிப்ரவரி, காலை 7.30

லிப்ரேஆஃபிஸ் (எக்செல் போன்ற இலவச மென்பொருள்) வைத்திருப்பவர்களுக்கு: அச்சை இரட்டைக் கிளிக் செய்தால் ஸ்கேல் என்ற பக்கம் வரும், அதில் "ரிவர்ஸ் டைரக்ஷன்". அதே வேலைதான். எந்த மென்பொருளிலும் நடக்கிற ஒரு வழியும் உண்டு. ஆழத்துக்கு முன்னால் கழித்தல் குறி போட்டுவிடுங்கள். 14.33 என்பது கழித்தல் 14.33 ஆகும், கோடு தானாகப் பூஜ்யத்துக்குக் கீழே தொங்கும். அச்சின் எண் வடிவத்தை 0;0 என்று கொடுத்தால் கழித்தல் குறி படத்தில் தெரியாது.

நூற்பாலை | 10 பிப்ரவரி, காலை 9.48

அக்கா, கோடு முறிந்து முறிந்து இருந்தால் பார்க்க நன்றாக இருக்காது. கோட்டைக் கிளிக் செய்து "ஸ்மூத்டு லைன்" டிக் போடுங்கள், வழவழப்பாக வரும். அப்படியே ட்ரெண்ட்லைனும் (பொதுப் போக்கைக் காட்டும் நேர்கோடு) சேருங்கள். ரைட் கிளிக் செய்து ஆட் ட்ரெண்ட்லைன், லீனியர். முன்னால் ஒரு வருடம் நீட்டினால் 2026இல் தண்ணீர் எங்கே இருக்கும் என்று சபைக்குச் சொல்லிவிடலாம்.

கிணற்றடி | 10 பிப்ரவரி, பகல் 1.40

ட்ரெண்ட்லைன் போட்டேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அது மேலே ஏறுகிறது! வருடத்துக்கு வருடம் தண்ணீர் மட்டம் உயர்கிறதாம். நோட்டைப் புரட்டினால் அப்படித் தெரியவில்லை. போன வருடம்தான் கிணறே வற்றியது. நான் எண்களை எங்காவது மாற்றிப் போட்டுவிட்டேனா?

நூற்பாலை | 10 பிப்ரவரி, பகல் 1.52

கணக்கு பொய் சொல்லாது அக்கா. மொத்தமாகப் பார்த்தால் நல்ல செய்தியாகவும் இருக்கலாம்.

மழைமானி | 10 பிப்ரவரி, இரவு 7.15

இல்லை தம்பி. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், இந்தப் படம் சபைக்குப் போனால் போர் போட்டவர்களே அதைக் கையில் எடுத்துக்கொள்வார்கள்.

முதல் அளவு எப்போது எடுத்தீர்கள்? ஏப்ரல். கிணறு அடியை நோக்கி இறங்குகிற நேரம். கடைசி அளவு? ஜனவரி. நம் பக்கத்தில் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள்தான் பெய்கிறது. அது முடிந்து கிணறு நிறைந்து நிற்கிற நேரம் ஜனவரி. பள்ளத்தில் தொடங்கி மேட்டில் முடித்துவிட்டு, நடுவே ஒரு நேர்கோடு போட்டால் அது ஏறாமல் என்ன செய்யும்? இதே கிணற்றை ஒரு ஜனவரியில் தொடங்கி அடுத்த மே மாதம் முடித்திருந்தால் அதே ட்ரெண்ட்லைன் பாதாளத்துக்குப் போயிருக்கும். அந்தக் கோட்டுக்கு ஐப்பசியும் தெரியாது, சித்திரையும் தெரியாது.

பருவத்தோடு ஏறி இறங்குகிற எதையும் அதே பருவத்தோடுதான் ஒப்பிட வேண்டும். மத்திய நிலத்தடி நீர் வாரியம் கண்காணிப்புக் கிணறுகளை ஆண்டுக்கு 4 முறை அளக்கிறது: ஜனவரி, கோடை, ஆகஸ்ட், நவம்பர். ஜனவரியை ஜனவரியோடு வைத்துப் பார்ப்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. உங்கள் ஷீட்டில் அந்த இரண்டு ஜனவரியையும் இப்போது பாருங்கள். தரையிலிருந்து 14.33 அடி, 19.83 அடி. ஐந்தரை அடி இறங்கியிருக்கிறது.

ஸ்மூத்டு லைன் வேண்டவே வேண்டாம். வளைவை அழகாகக் கொண்டுவர அது புள்ளிகளைத் தாண்டி மேலேயும் கீழேயும் போய்வரும். நீங்கள் ஒருநாளும் அளக்காத மட்டத்தைத் தண்ணீர் தொட்டது போலக் காட்டும்.

பேரேடு | 10 பிப்ரவரி, இரவு 7.40

ஐயா சொன்னதோடு ஒன்று. தேதி எழுத்தாக இருந்தபோது ட்ரெண்ட்லைன் போட்டிருந்தால் அது தேதியையே பார்த்திருக்காது, வரிகளை 1, 2, 3 என்று எண்ணிக் கணக்குப் போட்டிருக்கும். அந்தக் கோட்டின் சமன்பாட்டைப் படத்தில் காட்டி யாராவது பேசினால் எக்ஸ் என்பது என்ன என்று முதலில் கேளுங்கள்.

எட்டாம் வகுப்பு | 10 பிப்ரவரி, இரவு 9.30

பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். "கணக்கு பொய் சொல்லாது" என்று தம்பி சொன்னதற்காக இதை எழுதுகிறேன். 1973இல் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம்ப் என்ற புள்ளியியலாளர் நான்கு சின்னப் பட்டியல்கள் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் 11 ஜோடி எண்கள். நான்கிலும் எக்ஸின் சராசரி 9, ஒய்யின் சராசரி 7.5, பொருத்தும் நேர்கோடும் ஒன்றே: 3 கூட்டல் 0.5 எக்ஸ். படமாக வரைந்தால் ஒன்று சாதாரணமாகச் சிதறிய புள்ளிகள், ஒன்று வளைவு, ஒன்றில் ஒரே ஒரு புள்ளி கோட்டையே சாய்க்கிறது, ஒன்றில் பத்துப் புள்ளிகள் செங்குத்தாக அடுக்கி நிற்கின்றன. கணக்கு நான்கிலும் சரிதான். பிள்ளைகளை ஸ்காட்டரில் (புள்ளிகள் மட்டும் வரும் படம்) வரையச் சொல்லுவேன், நாலாவது படம் வரும்போது வகுப்பே சத்தம் போடும்.

கிணற்றடி அக்காவிடம் ஒரு கேள்வி. 31 அளவில் கோடையில் எத்தனை?

கிணற்றடி | 10 பிப்ரவரி, இரவு 9.51

ஏப்ரல் முதல் ஜூன் வரை, இரண்டு வருடமும் சேர்த்து 17. தண்ணீர் போய்விடுமோ என்று பயம் வந்தால் அளப்பேன். மழையில் கிணறு நிறைந்திருக்கும்போது அளக்கத் தோன்றாது. 2024 ஜனவரியில் இரண்டே இரண்டு அளவுதான் இருக்கிறது.

எட்டாம் வகுப்பு | 10 பிப்ரவரி, இரவு 10.20

அதைத்தான் நினைத்தேன். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. ராக்கெட் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் இறுகிப்போனதுதான் காரணம். ஏவுவதற்கு முந்தைய இரவு பொறியாளர்கள் குளிரைப் பற்றி வாதாடினார்கள். விசாரணை ஆணையம் பிறகு இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. வளையம் சேதமான பயணங்களை மட்டும் வெப்பநிலையோடு வரைந்தால் ஒரு தொடர்பும் தெரியவில்லை. சேதமே ஆகாத பயணங்களையும் சேர்த்ததும், அவை எல்லாம் வெதுவெதுப்பான நாட்களில் ஒன்றாகக் கூடி நின்றன. 63 டிகிரி பாரன்ஹீட்டோ அதற்குக் குறைவாகவோ ஏவிய நான்கு பயணங்களிலும் சேதம் இருந்தது. பிரச்சினை இல்லாத நாட்களை விட்டுவிட்டதால் பிரச்சினையே மறைந்துவிட்டது.

நிறைந்த கிணற்றையும் அளந்து வையுங்கள் அக்கா. அதுதான் ஒப்பிட உதவும்.

வலிகாமம் | 11 பிப்ரவரி, காலை 6.50

யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். எங்கட பக்கம் சுண்ணாம்புக்கல் நிலம், கிணத்துத் தண்ணிதான் எல்லாத்துக்கும். கூட இறைச்சா உவர் வந்திடும். நானும் மட்டத்தையும் உவர்த்தன்மையையும் அளந்து எழுதி வாறன். ரெண்டையும் ஒரே லைன் சார்ட்டில போட்டால், உவருக்கு வலப் பக்கம் ரெண்டாவது அச்சு வைக்க வேண்டி வந்தது. அந்த அச்சின்ர எல்லையை மாத்த மாத்த ரெண்டு கோடும் ஒட்டியும் விலகியும் போகுது. எது உண்மை எண்டு விளங்கேல்ல.

மழைமானி | 11 பிப்ரவரி, காலை 8.05

இரண்டு அச்சு வைத்தால் இரண்டு கோடுகளும் எங்கே சந்திக்கின்றன என்பதற்கு எந்த அர்த்தமும் இல்லை, அதை நீங்கள்தான் நிர்ணயிக்கிறீர்கள். உங்கள் கேள்வி "மட்டம் இறங்கினால் உவர் கூடுகிறதா" என்பது. அதற்கு ஸ்காட்டர் போடுங்கள்: எக்ஸ் அச்சில் மட்டம், ஒய் அச்சில் உவர், கோடு இல்லாமல் புள்ளிகள் மட்டும். ஒரு நாளுக்கு ஒரு புள்ளி. புள்ளிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றால் தொடர்பு கண்ணிலேயே தெரியும்.

வலிகாமம் | 11 பிப்ரவரி, இரவு 8.30

போட்டுப் பாத்தன் ஐயா. நல்லா விளங்குது. மெத்தப் பெரிய உபகாரம்.

நூற்பாலை | 11 பிப்ரவரி, இரவு 9.00

நான் சொன்னது தவறுதான், ஒத்துக்கொள்கிறேன். பில் செக்ஷனில் எல்லாவற்றுக்கும் ட்ரெண்ட்லைன் போட்டே பழகிவிட்டேன். தீபாவளி மாதத்தில் முடிகிற விற்பனைக்கும் இதே கதைதான் என்று இப்போது புரிகிறது. சரி, அக்கா எந்தப் படத்தைத்தான் கொண்டுபோவது?

பேரேடு | 12 பிப்ரவரி, காலை 10.10

மாதத்தைக் கீழ் அச்சில் ஜனவரி முதல் டிசம்பர் வரை வைத்து, ஒவ்வொரு ஆண்டையும் தனிக் கோடாக வரையுங்கள். தரவைத் தேர்ந்தெடுத்து இன்சர்ட் பிவட் டேபிள் (தரவைத் தொகுத்துக் காட்டும் அட்டவணை). தேதியை வரிசைப் பக்கம் இழுத்து, அதன் மேல் ரைட் கிளிக், குரூப், மந்த்ஸும் இயர்ஸும். பிறகு இயர்ஸை மட்டும் நெடுவரிசைப் பக்கம் நகர்த்துங்கள். ஆழத்துக்கு ஆவரேஜ். தேதி ஒன்றுகூட எழுத்தாக மிச்சமிருந்தால் குரூப் சரியாக வராது, அதுவே ஒரு சோதனை.

கவனம்: வற்றிய நாளில் "வற்றிவிட்டது" என்றே இருந்தால் சராசரி அந்த நாளைச் சேர்க்காமல் தாண்டிப் போகும். கிணறு காய்ந்த மாதம் நல்ல மாதம் போலத் தெரியும். பிவட்டுக்குக் கொடுக்கும் நெடுவரிசையில் 49 இருக்கட்டும்.

அளக்காத மாதத்தைக் காலியாக விடுங்கள். சார்ட்டில் ரைட் கிளிக், செலக்ட் டேட்டா, ஹிட்டன் அண்ட் எம்ப்டி செல்ஸ் போனால் கேப்ஸ், ஜீரோ, கனெக்ட் என்று மூன்று இருக்கும். கேப்ஸ் வையுங்கள். அளக்காத இடத்தில் கோடு அறுந்து நிற்பதே நேர்மை.

கால்க் பயனர் | 12 பிப்ரவரி, காலை 10.45

கேப்ஸ் வைத்தால் தனியாக நிற்கும் மாதம் கண்ணுக்கே தெரியாது, ஒரு புள்ளிக்குக் கோடு கிடையாதே. மார்க்கர் போட மறக்க வேண்டாம்.

கிணற்றடி | 15 பிப்ரவரி, மாலை 5.35

மூன்று நாள் உட்கார்ந்து செய்தேன். 31 அளவையும் நோட்டைப் பார்த்து அடி, அங்குலம் தனியாக ஏற்றினேன். ஒன்பது இடத்தில் அங்குலம் தவறாக இருந்தது.

இப்போது படத்தில் மேல்விளிம்பு தரை, கீழ்விளிம்பு 49. 2023க்கும் 2024க்கும் தனித்தனிக் கோடு. 2025க்கு ஜனவரி மட்டும் ஒற்றைப் புள்ளி. ஏப்ரலிலிருந்து ஜூன் வரை 2024 கோடு 2023க்குக் கீழேயே ஓடுகிறது, மே மாதத்தில் சிவப்புப் புள்ளி. அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் காட்டினேன். விரலை வைத்துக்கொண்டே போய் அந்தப் புள்ளியில் நிறுத்தி, "இது குளத்து மேட்டுக் கிணத்துல தண்ணி தூக்குன வாரம்" என்றார்.

ஒரு கேள்வி பாக்கி. "புது போர்களால் தண்ணீர் இறங்கியது" என்று தலைப்பு வைக்கலாமா?

மழைமானி | 15 பிப்ரவரி, இரவு 7.20

வைக்காதீர்கள் அம்மா. இரண்டு வருட அளவில் மழை குறைந்ததா, போர் இழுத்ததா என்று பிரிக்க முடியாது. சபையில் ஒருவர் எழுந்து "மழை எவ்வளவு பெய்தது?" என்று கேட்டால் படம் முழுவதும் சந்தேகத்துக்கு ஆளாகும். அளந்ததை மட்டும் தலைப்பாக வையுங்கள்: "ஜனவரிக்கு ஜனவரி ஐந்தரை அடி இறக்கம், 2024 மே மாதம் வற்றியது." போர் பற்றி வாயால் கேளுங்கள். போர் போட்டவர்களும் தங்கள் மட்டத்தை அளந்து தரட்டும் என்று கேளுங்கள். முடிந்தால் இன்றிலிருந்து மழையையும் குறித்து வையுங்கள்.

எட்டாம் வகுப்பு | 15 பிப்ரவரி, இரவு 8.00

ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பதாக இருந்தால் கறுப்பு வெள்ளையில் நீலமும் பச்சையும் ஒன்றாகிவிடும். ஒரு கோட்டை முழுக்கோடாகவும் மற்றதைப் புள்ளிக்கோடாகவும் மாற்றுங்கள். வற்றிய புள்ளியைப் பெருக்கல் குறியாக்குங்கள். ஆண்டைக் கோட்டின் முனையிலேயே எழுதிவிட்டால் கீழே லெஜண்ட் (எந்தக் கோடு எது என்ற குறிப்பு) தேவையில்லை.

கிணற்றடி | 16 பிப்ரவரி, காலை 7.10

மாற்றிவிட்டேன். தலைப்பும் ஐயா சொன்னதே. இனி பயம் வந்தாலும் வராவிட்டாலும் ஞாயிறுதோறும் அளப்பதாக முடிவு. இன்று காலை கயிறு இறக்கினேன். சுவரிலிருந்து 24 அடி 3 அங்குலம். சுவரைக் கழித்து 21.25 என்று ஏற்றிவிட்டேன்.